கடலில்லா ஊரில் கடலுக்குப் பயிலுதல்

ஒன்றைக் கற்பதற்கு முதல் தேவை யாது? ஆர்வம் என்பார் சிலர். ஆசான் என்பார் சிலர். கற்கும் பொருள் கண்முன் இருத்தலே முதல் தேவை என்பார் வேறு சிலர். நெசவு கற்பவனுக்குத் தறி வேண்டும். உழவு கற்பவனுக்கு நிலம் வேண்டும். அவ்வாறாயின், கடலில் மூழ்கக் கற்க விழையும் ஒருவன் அலையோசையே கேளாத உள்நாட்டு நகரொன்றில் வாழ்வானாயின், அவன் செய்யத்தக்கது யாது? ஆசையைத் துறப்பதா? இருக்குமிடத்திலேயே தொடங்குவதா? தொடங்கலாம் எனின், கடலின்றி அவன் கற்பது எதனை? இவ்வினா நீர்விளையாட்டுப் பற்றியதாகத் தோன்றினும், அதனுள் அறவினா ஒன்றும் அடங்கியுள்ளது. அதனையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

காற்றுக் கலமோ குழாயோ இன்றி, ஒரே மூச்சில் நீருள் ஆழ்ந்து மீளும் கலையை உலகோர் இன்று ‘ஃப்ரீடைவிங்’ என வழங்குகின்றனர். நம் மொழியில் மூச்சடக்கி முக்குளித்தல் எனலாம். தமிழர்க்கு இது புதிதன்று. கொற்கைத் துறையிலும், பின்னர்த் தூத்துக்குடிக் கடலிலும் முத்துக் குளித்தோர் கல்லின் கனத்தால் இறங்கி, கயிற்றின் துணையால் ஏறியவர்களே. அங்கு நடைபெற்று வந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. முன்னோர் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்ததனை இன்று பிறர் மனநிறைவுக்காகச் செய்கின்றனர். 1949-ஆம் ஆண்டில் இத்தாலிய விமானப்படை வீரர் ரைமொண்டோ புக்கர் காப்ரித் தீவினருகே 30 மீட்டர் ஆழம் செல்ல முனைந்தபோது, நீரழுத்தம் அவரை நசுக்கிவிடும் என அறிவியலார் சிலர் கருதினர். அவர் உயிரோடு மீண்டார். 1976-இல் பிரெஞ்சு நாட்டினர் ழாக் மயோல் எல்பாத் தீவருகே 100 மீட்டரை எட்டினார்.

கடலுக்கு அப்பாலிருந்து வந்தோர்

இக்கலையில் பெயர் பெற்றோர் அனைவரும் நெய்தல் நிலத்து மக்களோ எனின், அல்லர். 2007-இல் கிரேக்க நாட்டு ஸ்பெட்சஸ் தீவருகே, பாரம் பூட்டிய ஊர்தியின் துணையோடு 214 மீட்டர் ஆழம் சென்ற ஹெர்பெர்ட் நிட்ச் ஆஸ்திரிய நாட்டவர். அந்நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது. அவரது தொழிலோ விமானம் ஓட்டுதல். செக் நாட்டுக்கும் கடலில்லை. அந்நாட்டவரான டேவிட் வென்ஸல் 2021-இல் தம் நாட்டிலேயே, உறைந்து கிடந்த ஏரியொன்றின் பனிப்படலத்துக்கு அடியில் 80.9 மீட்டர் தொலைவை ஒரே மூச்சில் நீந்திக் கடந்தார்.

இவ்விருவரினும் நம் நெஞ்சைத் தொடுபவர் நத்தாலியா மோல்ச்சனோவா அம்மையார். உருசிய நாட்டின் உள்நிலத்து நகராகிய உஃபாவில் 1962-இல் பிறந்தவர். இளமையில் நீச்சல் வீராங்கனை. பின்னர்ப் பல்லாண்டுகள் போட்டிகளை விட்டு விலகியிருந்தவர். ஏறத்தாழ நாற்பது வயதில்தான் இக்கலையைத் தொடங்கினார். ஓய்வூதியக் கணக்கைப் பலர் பார்க்கத் தொடங்கும் வயது அது! 2009-இல், பாரவூர்தியின் துணையின்றித் தம் உடலாற்றலாலேயே 100 மீட்டர் ஆழத்தைத் தாண்டிய முதற்பெண் என்னும் சிறப்பினைப் பெற்றார். 2013-இல், கடலுக்குத் தொலைவான பெல்கிரேடு நகரத்து நீச்சற்குளத்தில் 9 நிமிடம் 2 நொடி மூச்சடக்கிக் கிடந்தார்.

ஆகவே, கடலருகே பிறத்தல் இக்கலைக்கு இன்றியமையாத தகுதி அன்று என்பது தெளிவு.

தரையில் கற்பன

கடலுக்குத் தொலைவில் இருப்போன் கற்கக் கூடியன யாவை? மருத்துவரிடம் காட்டி, இதயமும் நுரையீரலும் செவிகளும் நலமாயுள்ளனவா என அறிதல் முதற்படி. அடுத்தது, உடலைத் தளர்த்திப் படுத்தவாறு வயிற்றால் மெல்ல மூச்சுவிடப் பழகுதல். நம் யோக நூல்கள் மூச்சை உள்வாங்குதலைப் பூரகம் என்றும், நிறுத்துதலைக் கும்பகம் என்றும், வெளிவிடுதலை இரேசகம் என்றும் பகுத்துரைத்துள்ளன. மயோல் யோகம் பயின்றவர் என்பதை இவ்விடத்து நினைவிற் கொள்ளலாம். மூச்சடக்கும் நேரத்தை மாற்றாது, இடையே இளைப்பாறும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருவதும் ஒரு பயிற்சி முறை. இதனைப் பாயில் படுத்தே செய்யலாம்.

செவிகளைக் காத்தல் மற்றொன்று. நீருள் இறங்க இறங்க வெளியழுத்தம் கூடிச் செவிப்பறை வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாவின் அசைவால் தொண்டைக் காற்றை மேலே தள்ளிச் செவிக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். இம்முறைக்கு ஹெர்மன் ஃப்ரென்சல் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் பெயர் வழங்குகிறது. அவர் இதனைக் கற்பித்தது மூழ்குவோர்க்கன்று. வானிலிருந்து செங்குத்தாகப் பாய்ந்திறங்கிய போர்விமானிகளுக்கே. வானத்துக்கென வந்த வித்தை கடலுக்கு உதவுகிறது. நாற்காலியில் அமர்ந்தே அதனைப் பழகலாம்.

ஊர் நீச்சற்குளத்தில், தக்க துணையோடு, அசையாது மிதந்து மூச்சடக்கலும், நீரடியில் கிடைமட்டமாக நீந்தலும் பயிலலாம். ஆழம் வேண்டின் அதற்கும் இன்று வழியுண்டு. போலந்து நாட்டில், கடலினின்றும் நெடுந்தொலைவிலுள்ள வார்சா நகருக்கருகே, 45 மீட்டருக்குச் சற்றே மிகுந்த ஆழமுடைய குளமொன்று 2020-இல் திறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குங்கால் ஓருண்மை புலனாகிறது. கடல் சோதிக்கின்ற பொருள்கள் பெரும்பாலும் கடலில் இல்லை. அவை மூழ்குவோனிடத்தே உள்ளன. அமைதி, பொறுமை, அச்சத்தை அறியும் திறன் ஆகியவற்றைக் கடற்கரையில்தான் தேட வேண்டும் என்பதில்லை. தாய்நிலத்துக்கு நெடுந்தொலைவில் இருந்துகொண்டு, மாலை வகுப்புகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் புகட்டும் நம்மனோர்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எச்சரிக்கை மணி

இனி அறவினாவுக்கு வருவோம். தன்னையடக்கல் என்பது யாது? அடக்கம் என்னும் சொல்லை நாம் இருபொருளில் ஆள்கிறோம். வாயைப் பொத்தி ஒருவனை அடக்குவதும் அடக்கமே. அவன் முறையீட்டைக் கேட்டுப் பொறுமையோடு அமைதிப்படுத்துவதும் அடக்கமே. இரண்டும் ஒன்றா? நீருக்கடியில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு உயிருக்கும் இறப்புக்கும் உள்ள தொலைவாகும்.

மூச்சையடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு தவிக்கிறது, உதரவிதானம் துடிக்கிறது. உயிர்வளி தீர்ந்துவிட்டது என நாம் நினைக்கிறோம். உண்மையில் அத்தவிப்பைப் பெரும்பாலும் எழுப்புவது, குருதியில் பெருகும் கரியமில வாயுவே. அஃது ஓர் எச்சரிக்கை மணி. பயிற்சியுடையோன் அம்மணியோசையைக் கேட்கிறான்; அஞ்சிப் பதறாமல் அதனோடு சிறிது நேரம் இருக்கிறான்; உரிய காலத்தில் எழுகிறான். இது பொறுமையால் வந்த அடக்கம்.

வேறொரு குறுக்குவழியும் உண்டு. மூழ்குவதற்குமுன் விரைந்து விரைந்து பலமுறை மூச்சு வாங்கினால், பின்னர் நெடுநேரம் தவிப்பே எழுவதில்லை. இதனால் உயிர்வளி மிகுதியாகச் சேர்ந்துவிட்டது என்று பலர் மயங்குகின்றனர். நலமாயுள்ள ஒருவன் இயல்பாக மூச்சுவிடும்போதே அவன் குருதியின் செம்பொருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்களவில் உயிர்வளியால் நிறைந்தே இருக்கிறது. மேலும் சேர இடமில்லை. குறைவது கரியமில வாயு மட்டுமே. அதாவது, களஞ்சியம் பெருகவில்லை. காவற்காரன் வாய்தான் கட்டப்பட்டது. உயிர்வளி உண்மையாகவே தீரும்போது மணியடிக்க எவருமில்லை. எவ்வித அறிகுறியுமின்றி நினைவு தப்பிவிடும். மூழ்கியோன் இன்பமாகவே உணர்ந்துகொண்டிருக்கையில் அது நேரலாம் என்பதே இதன் கொடுமை.

ஆழ்கடலிலும் இத்தகையதோர் ஏமாற்று உண்டு. மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அவ்வழுத்தம் எஞ்சிய உயிர்வளியைப் போதுமானதாகத் தோன்றச் செய்கிறது. மேலே வரும் கடைசிப் பத்து மீட்டரில் அழுத்தம் பாதியாகக் குறைய, அத்துணையும் ஒருங்கே நீங்குகிறது. நினைவிழப்புப் பெரிதும் நேர்வது அடியாழத்தில் அன்று. வெளிச்சம் தெரியும் மேற்பரப்பின் அருகிலேயே. சிலர் தலை நீருக்கு மேலே வந்தபின்பும் நினைவிழப்பர்.

கயிறு பிடிப்போர்

இங்குத்தான் கடலுக்குத் தொலைவில் பயில்வோனுக்குத் தனியான இடர் உள்ளது. பாயில் படுத்து மூச்சடக்கிப் பழகியவனுக்குக் கண்முன் இருப்பவை கடிகாரமும் எண்களுமே. நேற்று இரண்டு நிமிடம், இன்று இரண்டரை, நாளை மூன்று. எண் வளர வளர, தன் திறமையில் நம்பிக்கையும் வளர்கிறது. பிறகு யாருக்கும் சொல்லாமல் குளத்தில் முயல்கிறான். தரையில் ஒருவன் அளவு மீறி நினைவிழந்தாலும் உடல் தானே மூச்சை மீட்டுக்கொள்கிறது. நீரில் அதே மூச்சு நீரை உள்ளிழுக்கிறது. தரையில் காத்த இயற்கை நீரில் கொல்கிறது. ஆகவே இக்கலையின் முதல் விதியும் கடைசி விதியும் ஒன்றே: நீரில் ஒருபோதும் தனியே மூச்சடக்காதே. இடுப்பளவு நீரானாலும், குளியல் தொட்டியானாலும், தோட்டத்துக் கிணறானாலும் இவ்விதிக்கு விலக்கில்லை. அருகில் எவரேனும் இருந்தால் மட்டும் போதாது. செய்வதறிந்தவர் கண்ணெடுக்காது பார்த்திருக்க வேண்டும். மேலே வந்தபின்னும் அரை நிமிடம் அவர் பார்வை விலகலாகாது.

“தன்னைத்தான் வெல்லுதற்குப் பிறர் துணை எதற்கு? தனியே வெல்வதன்றோ வீரம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால், நினைவிழக்கப் போகிறவனுக்குத் தான் நினைவிழக்கப் போவது தெரிவதில்லை. தன் நிலையை அளக்க வேண்டிய அறிவே முதலில் மங்குகிறது. அளவுகோலே தேய்ந்தபின் அளப்பது எங்ஙனம்? தன்னை முற்றும் அறிந்தவன் என்று ஒருவன் தன்னைக் கருதும் வேளையிலேயே, அவனைக் காக்கும் அறிவு அவனிடமின்றிக் கரையில் நிற்பவன் கண்ணில் இருக்கிறது. எனவே துணை தேடுதல் கோழைமையன்று. தன்னறிவின் எல்லையை அறிந்த அறிவுடைமையே. முத்துக்குளித்த நம் முன்னோரும் கயிற்றை எவரிடமும் கொடுத்துவிடவில்லை. தங்கையின் வாழ்வு கருதிக் கண்ணயராது காப்பான் என்பதால் மனைவியின் உடன்பிறந்தானிடமே கயிற்றைக் கொடுத்தனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வீரம் நீருள் சென்றது. நம்பிக்கை தோணியில் நின்றது.

மிகப் பெரிய திறமையும் இவ்விதிக்கு மேற்பட்டதன்று. 2012-இல் சாண்டோரினித் தீவருகே 253 மீட்டருக்கு இறங்கிய நிட்ச், மூளை தாக்குண்டு நெடுநாள் துன்புற்றே மீண்டார். மோல்ச்சனோவா அம்மையார் 2015 ஆகஸ்டு 2-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டு ஃபோர்மென்டெராத் தீவருகே பயில்வோர்க்குப் பாடம் கற்பித்த வேளையில், தமக்கு எளிதான ஆழத்துக்கு மூழ்கியவர் மீண்டும் வரவேயில்லை. 100 மீட்டரைக் கடந்தவரைக் கடல் கொண்டது அதனிற் பாதிக்கும் குறைந்த ஆழத்தில். அவர் திறமையைக் குறைத்துரைக்க இதனைக் கூறவில்லை. எத்துணைத் திறமையும் எச்சரிக்கைக்கு ஈடாகாது என்பதற்கே கூறுகின்றோம்.

மீள்தலே அளவு

இவ்விளையாட்டின் போட்டி விதியொன்று நம் ஆராய்ச்சிக்கு முடிவு கூறுவதாக அமைந்துள்ளது. ஒருவர் எத்துணை ஆழம் சென்று வந்தாலும், மேலே வந்த 15 நொடிக்குள் முகமூடியை அகற்றி, கைச்சைகை காட்டி, “நான் நலம்” என்று நடுவர் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அம்முயற்சி செல்லாது. ஆழம் எவ்வளவு என்பதை நீர் அளக்கிறது. அவ்வாழம் அவர்க்கு உரியதா என்பதை மீண்டுவந்த மனிதனின் தெளிந்த வாய்ச்சொல்லே உறுதி செய்கிறது. அச்சொல்லைக் கேட்க எதிரே இன்னொரு மனிதன் இருக்க வேண்டும்.

ஆகவே, கடல் தொலைவில் உள்ளது என்பதனால் கற்க விழைவோன் தயங்க வேண்டுவதில்லை. அவன் இன்றே தொடங்கலாம். வயது நாற்பதானாலும் தொடங்கலாம். மூச்சின் இயல்பை அறிந்து கொள்ளட்டும். தவிப்பின் மணியோசையை அணைத்துவிடாது கேட்கப் பழகட்டும். எண்களைச் சேர்ப்பதற்கு முன்னால், தன்னைக் கண்ணெடுக்காது பார்த்திருக்கும் ஒரு துணையைத் தேடிக்கொள்ளட்டும். தானும் பிறனொருவனுக்கு அவ்வாறே துணையாகப் பழகட்டும். கயிறு பிடிக்கக் கற்றவனே மூழ்கத் தகுதியுடையவன். இவ்விரண்டையும் கற்றவன் ஒருநாள் கடற்கரையை அடைவானாயின், கடல் அவனுக்கு முற்றிலும் புதியதாக இராது. அடையாமலே போனாலும், அவன் கற்ற கல்வி வீணாயிற்றென்று சொல்வார் எவர்?