தவக்குலா, அலட்சியமா?

அழியக்கூடியதென்று தெரிந்தும் ஒரு பொருளின் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு நிம்மதியாய் உறங்குவது தவக்குலா, அலட்சியமா?

நம் முன்னோர் இக்கேள்வியை ஓலையில் சந்தித்தனர். அடையாறை அடுத்த பெசன்ட் நகரில், டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் பழஞ்சுவடிகளைக் காத்து வருகிறது. ஓலை செல்லரித்து உதிரும். உதிருமுன் எவரோ படியெடுத்ததாலேயே பழைய நூல்கள் பல நம் கைக்கு வந்தன.

இன்று நம் வீட்டு நிக்காஹ் படங்களும், மறைந்த பெற்றோரின் குரலும் கணினியின் ஹார்டு டிஸ்க்கில் உறைகின்றன. நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் அத்தட்டும் ஒருநாள் ஓயும். கோப்புகள் திறக்கத் தாமதித்தாலோ, காரணமின்றிக் கெட்டாலோ, அரியவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுத்தல் வேண்டும். 'டிக், டிக்' என்னும் புதிய ஓசை எழுந்தால், உடனே நிறுத்தி, மீட்கத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். "நேற்றுவரை ஓடியதே" என்று மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது அழிவை விரைவுபடுத்தும்.

அறிகுறி காட்டாமலே மடிவனவும் உண்டு. ஆகவே நலமாயிருக்கும்போதே பிரதி வேண்டும்; அதுவும் வேறு வீட்டில் வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஒரே அலமாரியிலுள்ள இரு பிரதிகள் ஒருசேர நனையும்.

பெற்றோரின் குரல் நமக்கு மட்டும் உரியதன்று. பேரக்குழந்தைகளுக்காக நம்மிடமுள்ள அமானிதம் அது. முயற்சியை முடித்தபின் வைப்பதே தவக்குல். அதற்குமுன் அச்சொல்லைக் கூறுவது, அலட்சியத்திற்கு நாம் சூட்டும் அழகிய பெயரே.