மருந்தை அறிவிப்பதும் கடமையே



கடையின் உள்ளறையில் கிடக்கும் சரக்கை எந்த வாடிக்கைக்காரரும் கேட்பதில்லை. இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்? "அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை" என்று வியாபாரி சொல்லலாம். சரக்கு சீனியானால் பாதகமில்லை. உயிர் காக்கும் மருந்தானால்?

அமெரிக்காவில் இக்கேள்வி எழுந்து நிற்கிறது. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி பற்றாமல் முன்கூட்டியே தடுக்க 'பிரெப்' என்னும் மருந்து உண்டு. அந்நாட்டுச் சர்க்கார் அதற்கு 2012-ல் அனுமதியளித்தது. சொன்னபடி உட்கொண்டால், உடலுறவால் தொற்றும் அபாயம் ஏறக்குறைய 99 சதவீதம் குறைகிறது. ஆயினும் அந்நாட்டு நோய்த்தடுப்பு இலாகாவின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். இம்மருந்து தேவைப்பட்ட வெள்ளையரில் 100-க்கு 94 பேருக்கு எழுதித் தரப்பட்டது. ஸ்பானிய வழியினரில் 24 பேருக்கு. கறுப்பினத்தாரில் 13 பேருக்கு மட்டுமே. ஜனத்தொகையில் சுமார் எட்டில் ஒரு பங்கினரான கறுப்பினத்தாரோ, புதிதாக இக்கிருமி கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

காரணம் யாது? மருந்தின் பெயரையே கேள்விப்படாதவர் அவர்களில் அதிகம். டாக்டர் எடுத்துச் சொல்வதில்லை. பலருக்குக் காப்புறுதியும் இல்லை. சொன்னாலும் நம்பத் தயக்கம். அத்தயக்கம் வீணானதன்று. டஸ்கீகி என்னும் ஊரில் 1932 முதல் 1972 வரை, சர்க்கார் சுகாதாரத் துறையே நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோயைக் குணப்படுத்தாமல் வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் அதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

"பாவத்தால் வரும் நோய்க்கு இத்தனை கரிசனமா?" என்று சிலர் கேட்பர். விபசாரம் ஹராம், அதில் மாற்றமில்லை. ஆனால் கணவனிடமிருந்து கிருமியைப் பெறும் மனைவி செய்த குற்றம் என்ன? குற்றவாளியே ஆயினும், வைத்தியரின் வேலை நோயைப் பார்ப்பது. தீர்ப்பு அல்லாஹ்வுக்கு உரியது.

ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லோர் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் முன்வராவிடில் எல்லோர் மீதும் குற்றம். மருந்தை அறிவிப்பதும் அத்தகைய கடமையே என்பது என் எண்ணம். ஒரு தெருவில் அறிவித்துவிட்டு மறு தெருவை விட்டுவிட்டால் கடமை தீர்ந்ததாகுமா? ஒரு மையித்தை அடக்கிவிட்டு, மற்றொன்றை வாசலிலேயே விட்டுவருவது போன்றதல்லவா அது? ஆகவே அறிந்தவர்கள் அத்தெருவுக்கும் போக வேண்டும். அங்குள்ளோர் நம்பும் மனிதர் வாயிலாக, அவர்களுக்கு விளங்கும் பேச்சில் சொல்ல வேண்டும். கேட்காதவரிடமும் சொல்ல வேண்டும். கேட்கத் தெரியாததுதானே அவருடைய குறை?