மிதியாமல் ஓடும் சக்கரம்

மிதிவண்டி ஓட்டத் தெரிந்த எவரும் அறிந்த இன்பம் ஒன்று உண்டு. மேட்டை மூச்சு வாங்க மிதித்து ஏறிய பிறகு, மறுபக்கச் சரிவில் கால்களை அசைக்காமல் காற்றில் மிதப்பதுபோல் இறங்குவதே அந்த இன்பம். அப்போது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து 'டிக் டிக்' என்று மெல்லிய ஒலி எழும். அந்த ஒலியை எழுப்பும் சிறு கருவியைப் பழுதுபார்க்கும் கடைகளில் 'பிரீவீல்' என்பார்கள். அதனுள் ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு இரும்பு நாக்குகள் நாம் மிதிக்கும்போது சக்கரத்தைப் பற்றிக்கொள்கின்றன. மிதிப்பதை நிறுத்தினால் விட்டுவிடுகின்றன. கால் ஓய்கிறது, சக்கரம் ஓடுகிறது.

இந்த அருமையான வசதியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, கல்லும் வேரும் நிறைந்த மலைத்தடங்களில் மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டியில் பற்சக்கரம் பின்சக்கரத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். சக்கரம் சுழலும்வரை கால் சுழன்றே ஆகவேண்டும். ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஓட்டுபவருக்கு விடுதலை இல்லை. எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றை இப்படி வலிந்து கடினமாக்கிக்கொள்வது ஏன்? இது மனத்தைப் பண்படுத்தும் பயிற்சியா, அல்லது வசதி படைத்தவர்களின் வீண் விளையாட்டா? சிறியதாகத் தோன்றும் இந்த வினாவுக்குள் நம் வாழ்வைத் தொடும் பெரிய வினா ஒன்று அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

முதலில் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். பிணைந்த சக்கரம் இன்றைய இளைஞரின் கண்டுபிடிப்பு அன்று. 1860-களில் பாரிஸ் நகரில் பரவிய மிதிவண்டிகளில் மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியில் இன்றும் அந்த அமைப்பைக் காணலாம். பின்னாலிருந்து யாராவது வேகமாகத் தள்ளிவிட்டால் குழந்தையின் கால்கள் மிதிகட்டைகளோடு சேர்ந்து தறிகெட்டுச் சுழல்வதைப் பார்க்காதவர் யார்? 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' வண்டி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கி, இன்றைய மிதிவண்டிக்கு வடிவம் தந்தது. ஆனால் அதிலும் கால் சக்கரத்தோடு பிணைந்தே இருந்தது. சரிவில் இறங்கும்போது கால்களைத் தூக்கி வைத்துக்கொள்வதற்காக அக்கால வண்டிகளின் முன்கவையில் சிறு தாங்கிகள் பொருத்துவதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் பிரீவீல் பரவலாயிற்று. நம் நாட்டில் பெரும் மிதிவண்டி ஆலைகள் எழுந்த காலத்தில், சென்னையை அடுத்த அம்பத்தூர் ஆலை நிறுவப்பட்ட 1949-ஆம் ஆண்டில், அது எங்கும் இயல்பான உறுப்பாகிவிட்டிருந்தது. எனவே நம்மில் பெரும்பாலோர் பிரீவீல் இல்லாத மிதிவண்டியைக் கண்டதே இல்லை.

பிணைந்த சக்கரம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வளைந்து சரிந்த ஓடுதளங்களில் நடக்கும் பந்தயங்களில் இன்றும் அதுவே விதி. 1948-இல் ஜப்பானில் தொடங்கிய 'கெய்ரின்' போட்டியில் ஓடுபவை பிரீவீலும் தடையும் இல்லாத வண்டிகள். ஆனால் ஓடுதளம் வழவழப்பானது. அங்கே குறுக்கே வருவார் இல்லை. கரடுமுரடான மண்ணில் அதே வண்டியை ஓட்டுவது வேறு கதை.

அத்தகைய மண்ணை மனக்கண்ணில் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து கெடில ஆற்றைக் கடந்து, திருப்பாதிரிப்புலியூரையும் தாண்டினால் கேப்பர் மலை. மலை என்று பெயர். உண்மையில் அது செம்மண் மேட்டு நிலம். மழைநீர் அரித்த பள்ளங்களும் சரளைக்கல் சிதறிய ஒற்றையடித் தடங்களும் முந்திரி மரங்களின் வேர்களும் கொண்ட நிலம். இத்தகைய தடத்தில் சாதாரண மிதிவண்டியில் வருபவர் கல்லைக் கண்டால் மிதிப்பதை நிறுத்தி, இரு மிதிகட்டைகளையும் ஒரே மட்டத்தில் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுவார். பிணைந்த சக்கரத்தில் அது இயலாது. கல்லருகே வரும் கணத்தில் எந்தக் கால் கீழே இருக்கும் என்பதைப் பத்தடிக்கு முன்பே கணித்து வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ வரவேண்டும். கணக்குப் பிசகினால் மிதிகட்டை கல்லில் மோதும். ஆள் மண்ணில் விழுவார். இறக்கத்திலோ கால்களுக்கு ஓய்வே இல்லை. ஒரு சுற்று மிதிப்புக்கு நான்கேகால் மீட்டர் நகரும் வண்டி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், கால்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 118 முறை சுழன்றாக வேண்டும். வேகத்தை மட்டுப்படுத்த, சுழலும் கட்டைகளை எதிர்த்து அழுத்தி, அதே கால்களால் சக்கரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இதில் நன்மையே இல்லையா? உண்டு. பின்சக்கரம் மணலில் வழுக்கினால் அது உடனே பாதத்தில் தெரியும். ஏற்றத்தில் கால் தளரும் இடத்தில், சுழலும் சக்கரமே காலை மேலே தூக்கிவிடும். நாம் சக்கரத்தைச் செலுத்துகிறோம். சக்கரம் நம்மைச் செலுத்துகிறது. நம் செயலுக்கும் அதன் விளைவுக்கும் நடுவில் நழுவிக்கொள்ள இடைவெளி இல்லை. விரும்பி இதை மேற்கொள்பவர்களை ஈர்ப்பது பெரும்பாலும் இந்தப் பிணைப்புத்தான்.

இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. விடுதலை என்பது பிணைப்பை அறுத்துக்கொள்ளும் ஆற்றலா? அல்லது நாமே தேர்ந்த பிணைப்புக்குள் உண்மையாக நிற்கும் ஆற்றலா?

எளிதில் விடை சொல்லிவிட வேண்டாம். அதே கேப்பர் மலையில்தான் கடலூர் மத்திய சிறையும் இருக்கிறது. பிணைப்பு என்னும் சொல் அங்கே வேறு பொருள் தரும். ஒருவர் மேல் சுமத்தப்படும் கட்டையும், ஒருவர் தாமே ஏற்கும் கட்டையும் ஒரே தராசில் நிறுப்பது அநீதி. முன்னதில் கதவைப் பூட்டுபவர் வேறொருவர். பின்னதில் திறவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. மலைத்தடத்தில் துன்பத்தைத் தேடிச் செல்பவர் விரும்பிய நேரத்தில் இறங்கிவிடலாம். விடியற்காலையில் வண்டியின் பின்னால் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு தேவனாம்பட்டினத்திலிருந்து ஊருக்குள் மிதித்து வருபவர் அப்படி இறங்கிவிட முடியாது. அவருக்குச் சரிவில் கிடைக்கும் அரை நிமிட ஓய்வு சோம்பல் அன்று. அன்றாடக் கூலியில் சேராத ஒரு சிறு கொடை. அவரிடம் சென்று, பிரீவீலைக் கழற்றினால் உள்ளம் உறுதி பெறும் என்று போதிப்பவரை நாம் எப்படி மதிப்பது?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததையும் நினைவுகூர்வோம். அறிவொளி இயக்கத்தின் வழியே எழுத்துக் கற்ற பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிதும் துணைநின்றார். பேருந்துக்குக் காத்திராமல், தந்தையையோ கணவரையோ எதிர்பாராமல், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாமே போய்வரலாம் என்பது அவர்களுக்குப் புது உலகம். வசதியைப் பெற்ற கணத்திலேயே அவர்கள் விடுதலையையும் பெற்றார்கள். எனவே, வசதி மனிதரைக் கெடுக்கும், துன்பம் மனிதரை உயர்த்தும் என்னும் பொதுவிதி உண்மையாகாது. துன்பத்துக்குத் தன்னளவில் புனிதம் இல்லை.

அதோடு, தாமே ஏற்ற கடுமை பிறரைத் தாக்கும் ஆபத்தும் உண்டு. 2016-இல் லண்டன் நகரில், ஓடுதளத்துக்கென அமைந்த பிணைசக்கர வண்டியை முன்தடை இல்லாமல் தெருவில் ஓட்டிய இளைஞர் ஒருவர், சாலையைக் கடந்த பெண்மணி மேல் மோதினார். 44 வயதான, இரு பிள்ளைகளின் தாயான அவர் உயிரிழந்தார். கொலைக்கு ஒப்பான குற்றத்திலிருந்து அந்த இளைஞர் விடுவிக்கப்பட்டாலும், மூர்க்கமாக வண்டி ஓட்டியதற்காக, 1861-ஆம் ஆண்டின் பழஞ்சட்டம் ஒன்றின்கீழ் 2017-இல் 18 மாதத் தண்டனை பெற்றார். பின்சக்கரம் பிணைந்த வண்டியானாலும் முன்சக்கரத்துக்குத் தனித் தடை இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சாலை விதி. தன் கால்வலிமையை மட்டும் நம்பியவரின் துணிவுக்கு விலை கொடுத்தது வேறோர் உயிர்.

வள்ளுவர் தவத்தின் இலக்கணம் கூறும்போது, தனக்கு வந்த நோயைப் பொறுத்தலையும் பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாமையையும் ஒருங்கே வைத்ததன் ஆழம் இங்கே விளங்குகிறது. முதற்பாதி மட்டும் இருந்தால் அது தவம் அன்று. தன்னை வியந்துகொள்ளும் வீரம். தாமே ஏற்கும் கடுமை அறமாக வேண்டுமானால், அதை நாமே தேர்ந்திருக்க வேண்டும். பிறர் தோளில் ஏற்றக் கூடாது. பிறருக்கு ஊறு செய்யக் கூடாது. இந்த மூன்றையும் கடந்த பிறகும் நான்காவது வினா ஒன்று எஞ்சுகிறது. அது நம்மை எதில் விழிப்புள்ளவர்களாக ஆக்குகிறது?

இதற்கு மறுமொழி தேடுகையில், நாம் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஓய்வு வேறு, மிதியாமல் ஓடுதல் வேறு. பிணைசக்கர வண்டியில் செல்பவருக்கும் ஓய்வு உண்டு. ஆனால் அவர் வண்டியை நிறுத்தி, கால் ஊன்றி, மரநிழலில் அமர்ந்துதான் ஓய முடியும். அது ஒளிவுமறைவற்ற ஓய்வு. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்கச் சொன்ன விவிலியக் கட்டளையும் இத்தகையதே. வேலைக்காரருக்கும் கால்நடைக்கும் அந்நியருக்கும் அந்த ஓய்வு உரியது என்று அது சொல்கிறது. ஒருவர் ஓய, மற்றவர் அவரைச் சுமந்து ஓடவேண்டும் என்று சொல்லவில்லை. மிதியாமல் ஓடுதலில் நாம் நிற்பதும் இல்லை; உழைப்பதும் இல்லை. முன்பு மிதித்த மிதிப்போ சாலையின் சரிவோ நம்மைச் சுமந்து செல்கிறது. வண்டியில் இது குற்றமன்று. ஆனால் வாழ்வில், நாம் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறோம் என்று நாமே நம்பிவிடும்போதுதான் கேடு தொடங்குகிறது.

நம் மாவட்டம் இதை நன்கு அறியும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையோரக் குப்பங்களை வாரிச் சென்றது. 2011 டிசம்பர் 30-இல் கரைகடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் வெள்ளம் வந்தது. ஒவ்வொரு முறையும் முதல் வாரத்தில் அரிசியும் ஆடையும் கண்ணீரும் குறைவின்றி வந்தன. அந்த முதல் மிதிப்பு உண்மையானது; அதைக் குறைத்துப் பேசுவது நன்றி மறத்தலாகும். ஆனால் சாய்ந்த பலாவுக்கு ஈடாக நட்ட கன்று, வாரத்திலோ மாதத்திலோ காய்ப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நீர் ஊற்றவேண்டும், வேலி கட்டவேண்டும், அதுவரை தோப்பை நம்பிய குடும்பம் எப்படி உண்கிறது என்று யாராவது கேட்கவேண்டும். இரக்கத்துக்கும் ஒரு பிரீவீல் உண்டு. தொடக்க வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடும். 'டிக் டிக்' என்று இனிய ஒலியும் எழுப்பும். பிறகு மெல்லத் தளர்ந்து நின்றுவிடும். நின்றதை நாம் கவனிப்பதுகூட இல்லை.

நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பேணுபவர் இதன் மறுபக்கத்தை அறிவார். அவருடைய நாள் பிணைந்த சக்கரத்தைப் போன்றது. நோயாளியின் இரவு சுழலும்வரை அவருடைய கால்களும் சுழன்றே ஆகவேண்டும். அவரிடம், 'இது உங்களை உயர்த்தும்' என்று சொல்லிவிட்டு நகர்வது நமக்கு எளிது. அவர் கால் ஊன்றி நிற்கவும் ஒரு மரநிழல் வேண்டும் என்பதை உணர்ந்து, ஓர் இரவேனும் அவருடைய இடத்தில் நாம் அமர்வதே அறம். பிறருடைய சக்கரத்தில் பிரீவீலைப் பொருத்தித் தருவதும், நம்முடைய சக்கரத்தில் தேவையான இடத்தில் அதைக் கழற்றி வைப்பதும் ஒரே அன்பின் இரு செயல்கள்.

ஆகவே மலைத்தடத்தில் பிணைந்த சக்கரத்தோடு போராடுபவரை நாம் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். அவர் மற்றவர் உயிருக்கு ஊறின்றி, முன்தடையும் பொருத்தி, தம் கால்களைப் பழக்கிக்கொள்ளட்டும். அவருடைய வண்டி நம்மிடம் எழுப்பும் வினாவை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். கொடுத்த வாக்கு, ஏற்ற பதவி, பெற்ற பிள்ளை, நம்பி வந்த நட்பு ஆகிய இவற்றில் எங்கே நாம் மிதிப்பதை நிறுத்திவிட்டு, பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம்? களைத்திருந்தால் வெளிப்படையாக நிற்போம், இளைப்பாறுவோம், துணை கேட்போம். வெட்கப்பட ஏதும் இல்லை. ஆனால் ஓடுகின்ற சக்கரத்தைக் காட்டி, உழைக்கின்ற கால் என்று சொல்லாதிருப்போம்.