விட்டுவிட்ட மீன் யாருடைய தருமம்?

சித்திரை பிறந்து ஏரிகளில் நீர் இறங்கத் தொடங்கியதும் மேடவாக்கத்தைச் சுற்றியுள்ள கரைகளில் தூண்டில்காரர்கள் கூடிவிடுகிறார்கள். பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், நன்மங்கலம் என எந்த ஏரியானாலும் அவர்களில் இருவகையினர் உண்டு. ஒருவர் மூங்கில் கழியில் நரம்பு கட்டி, மண்புழுவோ மைதா உருண்டையோ கோத்துத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிடைக்கிற ஜிலேபியும் கெளுத்தியும் அன்றிரவே அவர் வீட்டில் குழம்பாகிவிடும். இன்னொருவர் ரீல் பூட்டிய ராடும் செயற்கை இரையுமாக வருவார். மீன் மாட்டினால் படம் எடுத்துக்கொண்டு திரும்ப நீரில் விடுவார். இருவரில் யார் அறத்துக்கு நெருங்கியவர் என்று கேட்டால், மீனை விட்டவரைத்தான் பலரும் காட்டுவார்கள். உயிர் போகவில்லை, ஆகவே பாவம் இல்லை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பது என் கருத்து. விடுதல் அறமாவது, விடுகிறவர் எதையாவது இழக்கும்போதுதான். இழப்பு முழுவதும் மீனின் தலையில் விழுமானால், மீனை விட்ட கைக்கு அதனால் ஒரு புண்ணியமும் இல்லை.

மீனைப் பிடித்து விடுவதையே பக்தியாக்கிய ஒருவர் நம் மரபில் இருக்கிறார். அவர் கதையை விரித்துச் சொன்ன சேக்கிழார், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத குன்றத்தூரில் பிறந்தவர். பெரியபுராணத்தின் அதிபத்த நாயனார் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவர். வலையில் அகப்படுவதில் சிறந்த ஒரு மீனைச் சிவனுக்கு என்று கடலில் விடுவது அவர் நியமம். பாடு குறைந்து நாளுக்கு ஒரே மீன் கிடைத்த காலத்திலும் அந்த ஒன்றை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். சுற்றம் பசித்தது, அவரும் மெலிந்தார். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வந்தபோது அதையும் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் நாகை காயாரோகணசுவாமி கோயில் விழாவில் மீனவர்கள் பொன்மீனைக் கடலில் விட்டு இதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். சேக்கிழார் இந்தக் கதையில் மீனின் வலியைப் பேசவில்லை. அவர் அகிம்சைக்கு வாதாடவும் இல்லை. அவர் கண் முழுக்க விடுகிறவர் மீதுதான் இருக்கிறது. விட்ட ஒவ்வொரு மீனும் அதிபத்தர் வீட்டு அடுப்புக்குப் போயிருக்க வேண்டிய மீன். ஏரிக்கரையில் விளையாட்டாக மீனை விடுகிறவர் எதை இழக்கிறார்? அவர் தேடி வந்தது இழுபறியின் கிளர்ச்சியும் ஒரு படமும். இரண்டும் கையில் வந்து சேர்ந்த பிறகே மீன் நீருக்குத் திரும்புகிறது.

மீன் என்ன கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குக் கோடை நீரின் இயல்பு தெரிந்தாக வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். நம் ஏரிகளில் மே மாத நீர் அதைவிடவும் சூடேறுகிறது. கழிவு கலந்து பாசி மண்டிய நீராக இருந்தால், இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். ஆழமான நீரின் சிக்கல் வேறு. ஒட்டியம்பாக்கத்துக் கைவிடப்பட்ட குவாரிகளையோ, 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் தந்த சிக்கராயபுரம் குவாரிகளையோ போன்ற செங்குத்துக் குழிகளில் மேல்நீர் சூடாகி இலேசாகும். குளிர்ந்த கனமான நீர் அடியில் தங்கும். காற்று கலக்கிவிடாத வரை இரண்டும் சேராது. அடியில் மக்குகிற பொருள்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். மேலே அனல், கீழே மூச்சுமுட்டல் என்றாகி, மீன்கள் நடுவிலுள்ள ஒரு மெல்லிய அடுக்கில் நெருங்கி நிற்கும். அமெரிக்காவின் ஆழமான ஏரிகளில் வெள்ளை பாஸ் மீனைக் கோடையில் தேடுகிறவர்கள் இந்த அடுக்கின் ஆழத்தைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து அங்கேதான் இரையை இறக்குகிறார்கள். மீனின் நெருக்கடியே தூண்டில்காரரின் நல்ல பருவமாகிவிடுகிறது. முள்ளில் மாட்டிய மீன் போராடும்போது அதன் தசைகளில் அமிலம் சேர்கிறது. அதைக் கரைத்துத் தேற ஆக்சிஜன் வேண்டும். அதுவோ அந்த நீரில் இல்லை. உலர்ந்த கை பட்டால் உடல்மேலிருக்கும் வழவழப்பு உரிந்து பூஞ்சைக்கு வழி திறக்கும். விரால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கலாம், ஜிலேபியும் தாங்கலாம்; ரோகுவுக்கும் கட்லாவுக்கும் அந்த வசதி இல்லை. துடித்து நீந்திப் போவதைப் பார்த்த கண், மறுநாள் மிதப்பதைப் பார்ப்பதில்லை.

மீனுக்கு வலி தெரியாதே என்பார்கள். இது அலட்சியமாகச் சொல்லப்படும் வாதம் மட்டுமல்ல, ஆய்வாளர்களிடையே உள்ள உண்மையான பிணக்கு. 2003-இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்ந்தவர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலமும் தேனீ விஷமும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் பக்கவாட்டில் ஆடின, அமிலம் செலுத்தப்பட்டவை உதட்டைச் சரளையில் தேய்த்தன, நெடுநேரம் இரை தொடவில்லை. மீனுக்கு மனித மூளையின் புறணி இல்லை, ஆகவே வலியை உணர இயலாது என்று பிரையன் கீ போன்றவர்கள் மறுத்தார்கள். வழக்கு முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முடியாத வழக்கில் ஐயத்தின் பலனை யாருக்குத் தருவது? பசிக்காகப் பிடிப்பவருக்குத் தட்டில் வைக்க ஒரு காரணமாவது இருக்கிறது. பொழுதுக்காகப் பிடிப்பவரின் தட்டில் ஒன்றுமே இல்லாதபோது, ஐயத்தை மீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பதுதான் நியாயம். காணாத உயிரும் மிதிபடக் கூடாதென்று மயிற்பீலியால் தரையைத் துடைத்து நடந்த சமண முனிவர்கள், எறும்புக்கு வலிக்குமா என்ற ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை.

எண்ணம்தானே வினையைத் தீர்மானிக்கிறது, கொல்லும் எண்ணம் எனக்கில்லையே என்பது அடுத்த மறுப்பு. பௌத்தம் எண்ணத்துக்கே முதலிடம் தந்தது; தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் துறவி புலாலை ஏற்கலாம் என்றது. தமிழில் இதை நேருக்கு நேர் எதிர்த்த நூல் நீலகேசி. உண்பவரால்தான் கொலை நடக்கிறது, பங்கிலிருந்து அவர் நழுவ முடியாது என்பது அதன் நாயகியான சமணப் பெண்ணின் வழக்கு. இங்கே நான் பௌத்தர் பக்கமே நின்று எண்ணத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டுத் தூண்டில்காரரின் எண்ணம் என்ன? மீன் போராட வேண்டும் என்பதுதான். எளிதில் வந்துவிடும் மீனை அவர் மதிப்பதில்லை. எவ்வளவு நேரம் இழுத்தது என்பதே பெருமை. உயிருக்கு அஞ்சிய ஒன்றின் ஓட்டம் அவருடைய இன்பத்தின் தற்செயலான பக்கவிளைவாக இல்லாமல், அந்த இன்பமாகவே இருக்கிறது. எண்ணத்தை வைத்து அளந்தால் குழம்புக்காக உட்கார்ந்திருப்பவர் தேறிவிடுவார். மீன் துடிக்காமல் வந்தால் அவருக்கு மகிழ்ச்சியே. சுவிட்சர்லாந்து, விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை 2009 முதல் தடை செய்தது. ஜெர்மனியின் சட்டம், தக்க காரணமின்றி விலங்குக்கு வலி தரக் கூடாது என்கிறது. விளையாட்டு அங்கே தக்க காரணமாகக் கொள்ளப்படுவதில்லை. சமயம் பேசாத அந்தச் சட்டங்கள் வந்து சேர்ந்த இடம் நம் அறநூல்களுக்கு அந்நியமானதல்ல.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று காவிரியில் இருக்கிறது. சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’ நூலின் காலம் முதலே மஹ்சீர் மீன் வெள்ளையரின் ஆசைப் பொருள். பிற்காலத்தில் கர்நாடகத்தின் பீமேசுவரி போன்ற இடங்களில் பிடித்து விடும் முகாம்கள் நடந்தன. வெடி வைத்து மீன் பிடித்தவர்களை அந்த முகாம்களின் காவலர்கள் விரட்டினார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைத்தது, முகாம்கள் நின்றபின் காவலும் தளர்ந்தது என்கிறார்கள். திமிலுள்ள அந்த மஹ்சீரை மிக அருகிவிட்ட இனமாக 2018-இல் உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஓர் இனம் பிழைக்கச் சில மீன்கள் முள்ளைத் தாங்க வேண்டுமென்றால், அந்த விலையை ஓர் அரசு யோசித்து ஏற்கலாம். ஆனால் அங்கே மீனைக் காத்தது காவலும் பணமும்; முள்ளுக்கு அதில் பங்கில்லை. அதே பணத்தைப் பார்வையாளர் கட்டணமாகவும் வாங்க முடியும். தவிர, மேடவாக்கத்து ஏரிகளில் மாட்டுவது பெரும்பாலும் ஜிலேபி. 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு, உள்ளூர்க் கெண்டைகளை நெருக்கித் தள்ளிய மீன் அது. அதைப் பிடித்துத் திரும்ப விடுகிறவர் எந்த இனத்தையும் காப்பாற்றவில்லை. இந்த ஏரிகளின் உபரிநீர் இறங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு 2022 முதல் ராம்சார் தலம். அதைக் காக்க விரும்புகிறவருக்குக் கழிவுநீர்க் குழாய்களும் ஆக்கிரமிப்புகளும் போதிய வேலை தருகின்றன.

கடைசி மறுப்பு சைவ உணவினரிடமிருந்து வருகிறது. எனக்கு அதற்கு முழு விடை இல்லை. விளையாட்டைக் கண்டித்துவிட்டுக் குழம்பை மன்னிக்கிறீர்களே, செத்த மீனுக்கு உங்கள் காரணத்தால் என்ன லாபம் என்று அவர்கள் கேட்கலாம். உலகம் புலால் உண்ணாவிட்டால் விற்பவனும் இருக்க மாட்டான் என்று வள்ளுவர் வாதிட்டிருக்கிறார். பசி தீர்த்தலைப் பேரறமாக வைத்து 1867-இல் வடலூரில் தருமசாலை திறந்த வள்ளலாரும், ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியாற்றுவது ஜீவகாருண்யம் ஆகாது என்றார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மூங்கில் கழிக்காரரும் குற்றவாளிதான். ஆனாலும் குற்றங்களுக்குள் தரம் உண்டு. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவில், சாமி கும்பிட்டுப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் நீரில் இறங்குவதில்லை. வற்றும் கண்மாயில் எப்படியும் மடியப்போகும் மீனை ஊத்தாக் கூடையாலும் வலையாலும் பிடிக்கிறார்கள். அதை விற்காமல் வீட்டில் சமைப்பதே வழக்கம். கொலை அங்கேயும் கொலைதான். ஆனால் அதற்கு ஒரு காலமும் எல்லையும் உண்டு, பசியின் சாட்சியும் உண்டு. அந்த ஊர்க்காரர் வள்ளுவர் முன் நிற்க நேர்ந்தால் தலைகுனிந்து, உண்டேன் என்று சொல்லலாம். அதற்குக் கிடைக்கும் கண்டனத்தை ஏற்கவும் செய்யலாம். பிடித்து விட்டவரிடம் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு பசிகூட இல்லை. கொல்லவில்லை என்ற சொல் ஒன்றே அவரிடம் இருக்கிறது. கோடை நீரில் அதற்கும் அவரால் உறுதி கூற முடியாது.