சட்டத்தால் மாறிய சமயம்: ஐஸ்லாந்தின் பழைய தெய்வங்களும் புதிய கடவுளும்

கி.பி. 1000-ஆம் ஆண்டின் கோடையில் ஐஸ்லாந்துத் தீவின் மக்கள் மன்றமான அல்திங்கி கூடி, நாட்டார் அனைவரும் இனிக் கிறிஸ்தவர்கள் என்று சட்டம் செய்தது. பழைய நாட்காட்டிக் கணக்கை வைத்து அது 999 என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. படையெடுத்து வந்து பணியவைத்த அரசன் யாரும் அங்கே இல்லை; அந்த நாட்டுக்கு அப்போது அரசனே கிடையாது. தோர், ஓடின், ஃப்ரெய்யா முதலிய தெய்வங்களை வணங்கியவர்கள் ஒரு பக்கமும் புதிய சமயத்தார் மறுபக்கமுமாகக் கைகலக்கத் தயாராக நின்ற கூட்டம், ஒருவர் சொன்ன தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுக் கலைந்தது. நம்பிக்கை உள்ளத்தில் நிகழ்வது. சட்டமோ வெளியே நின்று ஆள்வது. ஒன்றை மற்றொன்று எப்படி மாற்ற முடியும்? ஐஸ்லாந்தின் தொன்மங்களையும் நூல்களையும் இன்றைய வாழ்க்கையையும் அறிய விரும்புவோர்க்கு இந்தக் கேள்வியைவிட நல்ல வாசல் வேறில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இத்தீவில் மக்கள் நிலையாகக் குடியேறினர். பெரும்பாலோர் நார்வேயிலிருந்து வந்தவர்கள். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்தின் தீவுகளிலிருந்தும் வந்தவர்களும் கணிசம். அவர்களில் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்கள் சிலர் இருந்தார்கள். குடியேற்றத்தை விவரிக்கும் இடைக்கால நூலொன்று ஹெல்கி என்பவரைப் பற்றிச் சொல்லும் செய்தி கவனத்துக்குரியது. அவர் கிறிஸ்துவை நம்பினார். ஆனால் கடற்பயணத்துக்கும் இக்கட்டான காரியங்களுக்கும் தோரையே வேண்டிக்கொண்டார். எங்கே கரையேறுவது என்று தோரிடம் கேட்டுவிட்டு, குடியேறிய நிலத்துக்குக் கிறிஸ்துவின் பெயரை வைத்தார். வடக்கே எயாஃப்யோர்துர் என்னும் கடற்கழியின் அருகே கிறிஸ்த்னெஸ் என்ற அந்த இடம் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. இதைக் குழப்பம் என்று ஒதுக்குவது எளிது. பல தெய்வங்களை வணங்கிய ஒரு மனத்துக்கு இன்னொரு தெய்வத்தைச் சேர்த்துக்கொள்வதில் முரண் எதுவும் தெரியவில்லை என்பதே சரியான விளக்கம். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று புதிய சமயம் கேட்டபோதுதான் சிக்கல் பிறந்தது.

930-ஆம் ஆண்டளவில் அல்திங்கி திங்வெட்லிர் என்னும் பள்ளத்தாக்கில் கூடத் தொடங்கியது. வட அமெரிக்கக் கண்டத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகிச் செல்லும் பிளவுப் பகுதி அது. ஒரு பக்கம் செங்குத்தான கரும்பாறைச் சுவர், அதன் கீழே ஓர் ஆறு, எதிரே பாசி படர்ந்த எரிமலைக்குழம்புச் சமவெளி. பாறைமேட்டில் நின்று சட்டத்தை ஓதுவது சட்டமுரைப்போரின் கடமை. எழுதிய சட்டநூல் அப்போது இல்லாததால், ஆண்டுக்கு மூன்றிலொரு பங்காக மூன்று கோடைகளில் முழுச் சட்டத்தையும் அவர் நினைவிலிருந்து சொல்லி முடிப்பார். வரி தண்டவோ தீர்ப்பை நிறைவேற்றவோ அதிகாரிகள் கிடையாது. கோதிகள் எனப்பட்ட தலைவர்கள் இருந்தார்கள். வழிபாட்டு விருந்தை நடத்தியவர்களும் வழக்காடியவர்களும் அவர்களே. ஆகவே சமயம் இரண்டானால் சட்டமும் இரண்டாகும், சட்டம் இரண்டானால் நாடே இராது என்ற அச்சம் வெறும் பேச்சன்று.

நெருக்கடி வெளியிலிருந்து வந்தது. நார்வே மன்னர் ஓலாஃப் திரிக்வசன் அனுப்பிய தாங்பிராண்ட் என்ற பாதிரியார் சிலரை மனம் மாற்றினார். தம்மை வசைபாடியவர்களில் இரண்டு மூன்று பேரைக் கொன்றும் விட்டார். அவர் திரும்பிப் போய் முறையிட்டதும், நார்வேயில் இருந்த ஐஸ்லாந்தியர்களைக் கொல்லவோ முடமாக்கவோ போவதாக மன்னர் மிரட்டினார். ஃப்ரெய்யா தேவியை இகழ்ந்து பாடியதற்காக நாடு கடத்தப்பட்டிருந்த ஹ்யால்தியும், அவருடைய மாமனாரான கிஸுர் என்ற தலைவரும் குறுக்கிட்டு, நாட்டைத் தாமே மாற்றுவதாக மன்னரிடம் உறுதி கூறிக் கப்பலேறினர். கிறிஸ்தவத்தை ஐஸ்லாந்து அமைதியாக ஏற்றது என்று பெருமையாகச் சொல்லும்போது இந்த மிரட்டலை மறைக்கக் கூடாது.

மன்றத்தில் விவாதம் சூடேறியபோது, அருகே எரிமலைக்குழம்பு பொங்கி ஒரு தலைவரின் பண்ணையை நோக்கி வருவதாகச் செய்தி வந்தது. இத்தகைய பேச்சைக் கேட்டுத் தெய்வங்கள் சினந்ததில் வியப்பில்லை என்றனர் பழைய சமயத்தார். அப்போது ஸ்னோரி என்ற கோதி, நாம் நிற்கும் இந்தப் பாறை உருகி ஓடிய காலத்தில் தெய்வங்கள் எதற்காகச் சினந்தன என்று கேட்டதாகப் பிற்கால வரலாறு ஒன்று கூறுகிறது. அவர் அப்படிக் கேட்டாரோ இல்லையோ, அக்கதையை எழுதி வைத்தவர்களுக்கு அந்த வினாவின் கூர்மை தெரிந்திருந்தது. மனிதர் காலடி படாத காலத்தில் உருகிய பாறைக்கு மனிதரின் பாவத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. இந்த வாதம் தோருக்கு எதிராக மட்டும் நிற்பதில்லை. இயற்கையின் அழிவைத் தெய்வ தண்டனையாகப் படிக்கும் எந்தச் சமயத்துக்கும் எதிராக நிற்கும்.

முடிவு தோர்கெய்ர் என்ற சட்டமுரைப்போரிடம் விடப்பட்டது. அவர் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவர்கள் தமக்கெனச் சட்டம் உரைக்கத் தேர்ந்த ஹால் என்பவரே அவரிடம் பேசி அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். தோர்கெய்ர் தம் குடிலுக்குள் போய் மேலங்கியைப் போர்த்திப் படுத்தார். அன்று பகலும் இரவும் ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் காலை எழுந்து கூட்டத்தை அழைத்து, எல்லோருக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வைத்தார். அதன் பிறகே தீர்ப்பைச் சொன்னார்: எல்லோரும் திருமுழுக்குப் பெற வேண்டும், ஆனால் குழந்தைகளைக் கைவிடுவதிலும் குதிரை இறைச்சி உண்பதிலும் பழைய சட்டமே நிற்கும், மறைவாகப் பலியிடலாம், சாட்சிகளோடு பிடிபட்டால் மட்டும் தண்டனை. சில ஆண்டுகளிலேயே இந்த விலக்குகள் நீக்கப்பட்டன. குளிர்நீரில் இறங்க மனமின்றிப் பலர் வெந்நீர் ஊற்றில் திருமுழுக்குப் பெற்றனர் என்ற குறிப்பும் உண்டு.

சமயமாற்றத்தின் இந்தக் கதை ஆரி தோர்கில்சன் என்ற பாதிரியார் 1120-களிலோ சற்றுப் பின்னரோ எழுதிய சிறு வரலாற்று நூலை அடியொற்றியது. எரிமலைச் செய்தியும் வெந்நீர்க் குறிப்பும் மட்டும் பிற்காலத்தவை. ஆரியை வளர்த்த முதியவர், மூன்று வயதில் தாங்பிராண்டின் கையால் திருமுழுக்குப் பெற்றவர். ஆரிக்குச் செய்தி சொன்ன தெயித் என்ற ஆசானோ கிஸுரின் பேரன். வென்றவர்களின் நினைவு இது என்பதை மறவாமல் படிக்க வேண்டும்.

போர்வைக்குள் தோர்கெய்ர் என்ன செய்தார்? பழைய முறைப்படி தெய்வ வாக்குக் கேட்டார் என்பது யோன் ஹ்னெஃபில் அதல்ஸ்டெய்ன்சன் என்ற அறிஞரின் கருத்து. தனிமையில் யோசித்தார் என்பது மற்றோர் கருத்து. முதல் விளக்கம் சரியென்றால், பழைய தெய்வங்களிடம் உத்தரவு பெற்றே பழைய சமயம் விலகியது என்றாகிறது. எதுவாயினும் தீர்ப்பின் உட்பொருள் தெளிவு. எது உண்மையான கடவுள் என்று தோர்கெய்ர் சொல்லவே இல்லை. வெளிப்படையான நடத்தையை மட்டும் வரையறுத்து, கதவடைத்த வீட்டை அதன் போக்கில் விட்டார். பிற்கால ஐரோப்பா சமயப் போர்களில் லட்சக்கணக்கான உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடத்தின் ஒரு பகுதி இது. ஆயினும் இதைச் சமயச் சுதந்திரம் என்று புகழ்வது மிகை. மறைவில் வாழ அனுமதி என்பது வெளியே வராதே என்ற ஆணையும்தான். வறுமையால் வெட்டவெளியில் விடப்பட்ட சிசுக்கள் அந்தச் சமரசத்துக்குக் கொடுத்த விலையை யாரும் கணக்கிடவில்லை.

தோர்கெய்ர் ஊர் திரும்பியதும் தம் தெய்வச் சிலைகளை அருவியொன்றில் எறிந்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வடக்கே உள்ள கோதாஃபோஸ் அருவியின் பெயருக்கு அதுவே காரணம் என்பார்கள். ஆரியின் நூலில் இது இல்லை. ரேக்யாவிக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கல உருவம் இதைவிட நம்பத்தக்க சாட்சி. ஏழு சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. கூர்ந்த தொப்பியோடு அமர்ந்து, தாடி வழியாக இறங்கும் ஒரு பொருளை இரு கைகளாலும் பற்றியிருக்கிறது. அது தோரின் சம்மட்டி என்பது பெரும்பாலோர் கருத்து. தலைகீழாகப் பிடித்த சிலுவையைப் போலவும் அது தோன்றுகிறது. செய்யப்பட்ட காலம் ஏறத்தாழ 1000.

புதிய சமயத்தை நடத்தியவர்களும் பழைய தலைவர்களே. தத்தம் பண்ணையில் கோவில் கட்டினார்கள். தாமே பாதிரியாரும் ஆனார்கள். கிஸுரின் மகன் இஸ்லெய்ஃப் 1056-இல் முதல் ஆயரானார். எழுத்து தாய்மொழியில் வளர்ந்தது, பழைய கதைகள் எழுத்தில் ஏறின. ஸ்னோரி ஸ்துர்லுசன் 1220-ஐ ஒட்டி எழுதிய எட்டா நூலில், ய்மிர் என்ற அரக்கனின் தசை நிலமாகவும் குருதி கடலாகவும் மண்டையோடு வானமாகவும் ஆன கதை இருக்கிறது. உலகின் இறுதிப் போரில் ஓடினை ஓநாய் விழுங்குகிறது; தோர் பாம்பைக் கொன்று, ஒன்பது அடி நடந்து, அதன் நஞ்சால் விழுகிறார். சாகப் போவதை அறிந்தே போருக்குப் போகும் தெய்வங்கள் இவை. கிறிஸ்தவரான ஸ்னோரி இதை எழுத ஒரு வழி கண்டார்: இத்தெய்வங்கள் திராய் நகரத்திலிருந்து வந்த மாவீரர்கள், மக்கள் அவர்களைத் தெய்வமாகக் கொண்டுவிட்டனர் என்று முன்னுரையில் விளக்கினார். நம்பாமலும் நேசிக்க முடியும் என்பதற்கு அந்த நூலே சான்று. பழம்பாடல்களைக் காக்கும் 13-ஆம் நூற்றாண்டின் தோல் ஏட்டுச்சுவடி, நாட்டை அப்போது ஆண்ட டென்மார்க் மன்னருக்கு 1662-இல் அனுப்பப்பட்டது. 1971 ஏப்ரல் 21-இல் அது கப்பலில் திரும்பியபோது ரேக்யாவிக் துறைமுகத்தில் பெருங்கூட்டம் காத்திருந்தது.

பழைய நம்பிக்கைகளிடம் இடைக்காலம் காட்டிய தாராளம் நிலைக்கவில்லை. டென்மார்க் மன்னர் லூத்தரன் சமயத்தைப் புகுத்தியபோது எதிர்த்து நின்ற கடைசிக் கத்தோலிக்க ஆயர் யோன் அராசன், 1550 நவம்பர் 7-இல் தம் இரு மகன்களோடு ஸ்கால்ஹோல்டில் தலை வெட்டப்பட்டார். அடுத்து 1564-இல் வந்த கடுமையான ஒழுக்கச் சட்டத்தின்படி, முறைகேடான உறவுக்கும் சிசுக்கொலைக்கும் தண்டனையாகப் பெண்கள் திங்வெட்லிர் ஆற்றின் மடுவிலேயே மூழ்கடிக்கப்பட்டனர். அப்படி இறந்த 18 பேரைப் பதிவேடுகள் காட்டுகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் மாந்திரீகக் குற்றத்துக்காக எரிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். மந்திரக் குறிகள் எழுதிய ஒரு துண்டுத் தோல்கூடச் சாட்சியாயிற்று. தோர்கெய்ர் திறக்காமல் விட்ட கதவைப் பிற்காலச் சட்டம் உடைத்துக்கொண்டு போனது.

அதே நூற்றாண்டுகளில் மக்கள் வாயில் வாழ்ந்தவர்கள் மறைவாழ் மக்கள். அவர்கள் பிறந்த கதை இது: ஏவாள் தன் பிள்ளைகள் எல்லோரையும் குளிப்பாட்டி முடிப்பதற்குள் கடவுள் வந்துவிட்டார். குளிக்காதவர்களை அவள் ஒளித்தாள். எனக்கு மறைத்தது மனிதருக்கும் மறைந்தே இருக்கட்டும் என்றார் அவர். பாறைகளுக்குள் வாழும் அந்தப் பிள்ளைகளின் வழித்தோன்றல்களே அவர்கள். யோன் அர்னாசன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுப்பில் இவர்களைப் பற்றிய கதைகள் ஏராளம். பழைய நம்பிக்கை விவிலியத்துக்குள்ளேயே தனக்கொரு வீடு கட்டிக்கொண்ட அழகு இது. ரேக்யாவிக்கை ஒட்டிய கோபவோகுர் நகரில் ஒரு தெரு, அவர்கள் வாழ்வதாகச் சொல்லப்படும் சிறு குன்றருகே குறுகி ஒதுங்கிப் போகிறது.

1874-ஆம் ஆண்டின் அரசமைப்பு வழிபாட்டுச் சுதந்திரம் தந்தது. 1972-இல் விவசாயியும் கவிஞருமான ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சனும் நண்பர்களும் பழைய தெய்வங்களை வழிபடும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். மறு ஆண்டே அரசு அதை ஏற்றது. இன்று அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். நான்கு லட்சத்தைத் தொடாத மக்கள்தொகையில் இது சிறு எண்ணிக்கையன்று. தோரை ஓர் ஆளாக நம்புகிறோம் என்று சொல்பவர்கள் அவர்களில் சிலரே; மற்றவர்கள் இயற்கையின் ஆற்றல்களுக்கும் முன்னோரின் நெறிக்கும் அப்பெயர்களைச் சூட்டுகிறார்கள். லூத்தரன் திருச்சபை அரசமைப்பின்படி இன்றும் தேசியத் திருச்சபையே. எந்தச் சமய அமைப்பில் யார் சேர்ந்தவர் என்று அரசுப் பதிவேடு குறிக்கிறது. அதை வைத்து ஒவ்வோர் அமைப்புக்கும் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் ஒதுக்குகிறது. எதையும் சேராதவர்களின் பங்கு கருவூலத்திலேயே தங்குகிறது. பதினாறு வயதானவர் தம் பதிவைத் தாமே மாற்றிக்கொள்ளலாம்; காரணம் கேட்பதில்லை.