கல்லாவில் சொல்லப்படும் நான்கு எண்கள்

  

இந்த ஜும்ஆவில் ஒரு சிறிய பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம். நம் உத்திரமேரூர் கடைத்தெருவில் மளிகைக் கடை, துணிக்கடை, மருந்துக் கடை, பிரியாணிக் கடை என்று பல இடங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. கார்டு மிஷின். கிரெடிட் கார்டின் வட்டியைப் பற்றிய மஸ்அலா தனி. அதை வேறொரு ஜும்ஆவில் விரிவாகப் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ். இன்றைய கேள்வி இதுதான்: ஒருவருடைய பொருளை நாம் வாங்கி வைக்கவில்லை, அவருடைய கார்டு எண்ணைப் பார்த்தோம், பின் நம்பரைக் காதால் கேட்டோம், அவ்வளவுதான். இதுவும் அமானிதமா? பணம் ஒரு ரூபாய்கூட குறையவில்லை என்றால் இதில் குற்றம் என்ன இருக்கிறது?

நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தவர் கார்டை நீட்டுகிறார். பையன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறான். மிஷின் கல்லாவில் இருக்கிறது, வயர் மேசை வரை எட்டாது. அங்கிருந்தே குரல் கொடுக்கிறான்: "அண்ணே, பின் நம்பர் சொல்லுங்க!" அவரும் நான்கு எண்களைச் சத்தமாகச் சொல்கிறார். நான்கு மேசைக்காரர்களும் கேட்கிறார்கள். யாருக்கும் இது தப்பாகவே தெரிவதில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்தில்தான் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. மாதம் ஆயிரம் ரூபாய். வாழ்க்கையில் முதல்முறையாக ஏடிஎம் கார்டைக் கையில் வாங்கிய தாய்மார்கள் அப்போது எத்தனையோ பேர். அவர்களில் சிலர் பின் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கார்டு உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கடையில் கார்டையும் சீட்டையும் சேர்த்தே கொடுத்து, "நீயே போட்டுக்கப்பா" என்கிறார்கள். கடைக்காரரும் நல்லவர். சரியான தொகையைப் போட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கடையில் டெபிட் கார்டைத் தேய்த்தால் பின் நம்பர் கட்டாயம் என்பது 2013 டிசம்பர் முதல் இருக்கும் நடைமுறை. கார்டு தொலைந்தாலும் திருடு போனாலும் அந்த நான்கு எண்கள் காவலுக்கு நிற்கும். பிறகு 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் மீது தவறில்லாமல், வங்கியும் காரணமாக இல்லாமல், இடையில் எங்கோ நடந்த மோசடியில் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் அவருக்கு நஷ்டம் இல்லை. அதே சுற்றறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: வாடிக்கையாளரே தம் ரகசிய எண்ணைப் பிறருக்குச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும் வரை போன பணம் முழுவதும் அவர் பொறுப்பு.

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும், சகோதரர்களே! கல்லாவில் நாம் பின் நம்பரைக் கேட்டு வாங்கும் அந்த ஒரு நிமிடத்தில், அந்தத் தாயின் பாதுகாப்பு பறிபோகிறது. அவர் பணத்தில் ஒரு பைசாவும் நாம் எடுக்கவில்லை, உண்மைதான். நாளை வேறு எவனோ எடுத்தால், "நீங்கள்தானே எண்ணைச் சொன்னீர்கள்" என்று வங்கி கேட்பதற்கு வழி செய்துவிட்டோம். அவருடைய உரிமை ஒன்று நம் வசதிக்காக, வயர் எட்டவில்லை என்பதற்காகப் போய்விட்டது. பணம் குறையவில்லை, ஆகவே குற்றமில்லை என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

இதில் இன்னொருவருக்கும் அநியாயம் நடக்கிறது. அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடையில் வேலை பார்க்கும் அந்தப் பையன்தான் அவர். பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவனாக இருக்கலாம், வடநாட்டிலிருந்து வந்தவனாக இருக்கலாம். ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் இருபதாயிரம் காணாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? பின் நம்பர் தெரிந்தவனைத்தான். அவன் நிரபராதி என்று அவனால் எப்படி நிரூபிக்க முடியும்? தெரியாது என்று சொல்ல அவனுக்கு வழியே இல்லாமல் செய்தது முதலாளியின் பழக்கம். நாம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒருவனைச் சந்தேகத்தின் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

"கையால் மறைத்து அழுத்தினால் கடைக்காரர் தப்பாக நினைப்பாரே, ஹஜ்ரத்? ஒரே ஊர், ஒரே ஜமாஅத்!" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணம் வேண்டும்தான். ஆனால் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது பேசுவது கடனை எழுதி வைப்பது பற்றியும், சாட்சி வைப்பது பற்றியும். யாரை நோக்கிப் பேசுகிறது? ஈமான் கொண்டவர்களை நோக்கி. ஒருவரையொருவர் நம்பக்கூடாது என்பதற்காகவா? இல்லை, நம்பிக்கை கெடாமல் இருப்பதற்காக. மறைத்து அழுத்துவதும் அப்படித்தான். கடைக்காரர்களே, நீங்களே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்! பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறதே, அந்த ஒழுக்கம் கல்லாவுக்கும் பொருந்தும்.

மக்காவில் நபி (ஸல்) அவர்களை எதிர்த்தவர்களே தங்கள் பொருள்களை அவர்களிடம்தான் ஒப்படைத்து வைத்திருந்தார்கள். ஹிஜ்ரத் புறப்பட்ட இரவிலும் அந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலி (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். கொலை செய்யத் திட்டமிட்டவர்களின் பொருளுக்கே அந்த மரியாதை. நம் கடைக்கு வருகிறவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தால் என்ன?

ஃபிக்ஹில் ஒரு சட்டம் உண்டு. அமானிதமாக வைத்த பொருள் தானாக அழிந்தால் வைத்திருந்தவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. அவர் வரம்பு மீறியிருந்தால், அல்லது கவனக்குறைவாக இருந்திருந்தால், ஈடு கொடுக்க வேண்டும். வரம்பு மீறுவது என்றால் எல்லோருக்கும் புரிகிறது: மேசைக்கு அடியில் வேறொரு கருவியில் கார்டைத் தேய்ப்பது, எண்ணைக் குறித்துக்கொள்வது. கவனக்குறைவு என்பதைத்தான் நம்மில் பலர் உணர்வதில்லை.

வங்கி கொடுக்கும் மிஷின் சாதாரணப் பெட்டி அல்ல. பின் நம்பர் அதற்குள்ளேயே ரகசியக் குறியாக மாற்றப்பட்டுத்தான் வெளியே போகிறது. யாராவது அதைத் திறக்க முயன்றால் உள்ளே இருக்கும் ரகசியச் சாவிகள் அழிந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். கார்டின் பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டை ரப்பர் ஸ்டாம்பு மாதிரி, எப்போது குத்தினாலும் ஒரே அச்சு, அதனால் நகல் எடுக்கலாம். முன்னால் இருக்கும் சிப் ஒவ்வொரு முறையும் புதிய குறியைத் தருகிறது. ஆகவே பட்டையை மட்டும் நம்பிய பழைய கார்டுகளை 2018 டிசம்பர் 31க்குள் மாற்றச் சொன்னார்கள்.

அப்படியிருந்தும் ஓட்டை எங்கே விழுகிறது? 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடைத்தொடரில் சுமார் 4 கோடிக் கார்டுகளின் விவரம் திருடு போனது. கல்லாக் கம்ப்யூட்டர்களுக்குள் ஒரு திருட்டு மென்பொருள் உட்கார்ந்திருந்தது. திருடர்கள் நுழைந்த வழி எது தெரியுமா? அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த பாஸ்வேர்டு. நம் நாட்டில் 2016 அக்டோபரில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளுக்கு ஆபத்து என்று செய்தி வந்தது. வங்கிகள் கார்டுகளை முடக்கின, மாற்றிக் கொடுத்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனம், அந்த ஆண்டின் நடுவில் தன் கணினிகளுக்குள் திருட்டு மென்பொருள் புகுந்திருந்ததை 2017 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. உண்மையில் பணம் இழந்து புகார் கொடுத்தவர்கள் 641 பேர், தொகை 1.3 கோடி ரூபாய் என்று அப்போது தேசிய கொடுப்பனவுக் கழகம் சொன்னது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை.

நம் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என்ன? பெரும்பாலும் 1234, அல்லது கடையின் பெயர். அதே கம்ப்யூட்டரில் இரவில் படம் இறக்குகிறார்கள், யாருடைய பென் டிரைவையோ செருகுகிறார்கள். பார்சல் ஆர்டருக்குப் போனில் கார்டு எண்ணையும் பின்பக்கத்து மூன்று எண்களையும் கேட்டு நோட்டில் எழுதும் கடையும் இருக்கிறது. அந்த மூன்று எண்களைப் பணம் வந்த பிறகு எந்தக் கடையும் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் உலகளாவிய விதி. கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கியவர், திருடன் வந்தால் நான் பொறுப்பல்ல என்று சொல்ல முடியுமா?

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். குடவோலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது என்ற விதி இருப்பதைப் பேசுபவர் குறைவு. பிறர் பொருளைக் கையாண்டவர் பதில் சொல்ல வேண்டும் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் கல்லில் வெட்டிய செய்தி.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் என்ன செய்வார்கள்? இதற்கும் வழி இருக்கிறது. பொத்தான் வைத்த மிஷினில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு சிறு மேடு இருக்கும், தடவினால் தெரியும். அதற்கு மேலே 2, கீழே 8. இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தால் மூன்றாம் தடவை அவர்களே அழுத்துவார்கள். தொடுதிரை மிஷினில் அந்த மேடு இல்லை, அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். 5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் தட்டினாலே பணம் போகும் கார்டுகள் இப்போது இருக்கின்றன. அங்கே திரையில் இருக்கும் தொகையை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தட்டுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டியது தொகைதான், பின் நம்பர் அல்ல. ஹோட்டல்காரர்கள் மேசைக்கே எடுத்துப் போகும் வயரில்லா மிஷினை வங்கியில் கேட்டு வாங்குங்கள். அதற்கு மாத வாடகை கொஞ்சம் கூட இருக்கலாம், இருக்கட்டும்.

இதுவரை கேட்டு வைத்த எண்களை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பொருளாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கேட்ட எண்ணை எப்படித் திருப்பிக் கொடுப்பது? நோட்டில் எழுதியிருந்தால் கிழித்து எரித்துவிடுங்கள். மனதில் இருப்பதை எரிக்க முடியாது. ஆகவே அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை கடைக்கு வரும்போது, அவரிடம் நீங்களே சொல்லுங்கள்: "அம்மா, உங்க பின் நம்பர் எனக்குத் தெரிஞ்சு போச்சு. பேங்க் ஏடிஎம்ல இன்னைக்கே மாத்திடுங்க. புதுசை என்கிட்டகூடச் சொல்லாதீங்க. பணம் தப்பாப் போனா உடனே 1930க்குப் போன் போடுங்க, பேங்குக்கும் சொல்லுங்க."