நோவா நீட்டிய கை



நோவாவின் புறா என்றதும் நமக்கு ஒலிவ இலைதான் ஞாபகம் வரும். அது அந்தப் புறாவின் இரண்டாம் பயணம். முதற் பயணத்தை யாரும் அவ்வளவாகப் படமாக வரைவதில்லை. அந்த முறை அது எதையும் கொண்டுவரவில்லை. எங்கும் வெள்ளம், கால் ஊன்ற ஓரிடமும் கிடைக்காமல் திரும்பி வந்தது. சன்னல் திறந்துதானே இருக்கிறது, வந்தால் வரட்டும் என்று நோவா உள்ளே இருந்துவிடவில்லை. கையை வெளியே நீட்டி, அதைப் பிடித்து, பேழைக்குள் எடுத்துக்கொண்டார் என்கிறது தொடக்கநூல் எட்டாம் அதிகாரம். உலகமே மூழ்கிய கதையில், கால் வைக்க இடமற்றுப்போன ஒரு பறவைக்காக ஒரு கை வெளியே வந்ததையும் எழுதிவைக்க வேண்டும் என்று அந்த ஆசிரியருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்று ஒக்டோபர் 4, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் திருநாள். பூசை முடிந்ததும் நம் கோயில் வளவில் பிராணிகளை மந்திரிக்க இருக்கிறோம். அதற்குப் பேர் கொடுக்க வந்தவர்களில் ஒரு சின்னப் பிள்ளை, பின்ச் குருவி ஒன்றைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. செம்மஞ்சள் சொண்டு, வாலில் கறுப்பு வெள்ளை வரி. கடைகளில் சோடியாக வாங்குகிறோமே, அந்தக் குருவி, பூர்வீகம் அவுஸ்திரேலியா. கூட்டுக்குள் படுக்கையாகப் போட்டிருந்த தும்பு அதன் காலைச் சுற்றி இறுகியிருக்கிறது. குருவி உதறி உதறி, கால் ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "பாதர், இண்டைக்கே மந்திரிச்சு விடுங்கோ. திருநாள் மட்டும் இது தாங்காது" என்றது பிள்ளை.

மந்திரித்தேன். மந்திரித்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் நேரே மிருக வைத்தியரிடம் போகச் சொன்னேன். வைத்தியரை மதிக்கச் சொல்வது சீராக்கின் ஞானநூல், 38ஆம் அதிகாரம். மருந்தை நிலத்திலிருந்து விளையச் செய்தவர் ஆண்டவர்தான் என்றும் அது சொல்கிறது. ஆகவே செபமா, மருந்தா என்று கேட்பதே பிழையான கேள்வி.

இனிச் சொல்லப்போவது மறையுரையில் சொல்லுகிற விசயமா என்று சிலர் நினைக்கலாம். இங்கே குருவி வளர்க்கிற வீடுகள் பல இருக்கின்றன, கேட்டு வையுங்கள்.

அந்தக் குருவியின் முழு எடை 12 முதல் 15 கிராம். உடம்பில் ஓடுகிற இரத்தம் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிலீற்றரைத் தாண்டாது. நமக்குச் சில துளி என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்காக நெஞ்சை நெரித்துப் பிடிக்கக் கூடாது. நெஞ்சு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு. காலில் நூலோ தும்போ சுற்றியிருந்தால் இழுக்கக் கூடாது, வெளிச்சத்தில் வைத்துக் கவனமாக வெட்ட வேண்டும். தைரியம் இல்லாவிட்டால் வைத்தியர் வெட்டட்டும். பனடோலைத் தூளாக்கித் தண்ணீரில் கலந்து கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். கட்டுப்போடுவது வைத்தியரின் வேலை. முறிவு எங்கே, எப்படி என்று பார்த்து, மெல்லிய ஒட்டுநாடாவாலேயே அந்தக் காலுக்குத் தாங்கு கட்டுவார். சில வேளை கால் பிழைக்காது, எடுக்கத்தான் வேண்டும் என்பார். அதைக் கேட்டுப் பயந்துபோக வேண்டாம். ஒற்றைக் காலோடு நெடுநாள் வாழ்கிற குருவிகள் இருக்கின்றன.

வருத்தத்தை வெளிக்காட்டாதது பறவையின் சுபாவம். பலவீனம் தெரிந்தால் பருந்துக்கு இரை என்று அதற்குத் தெரியும். அதனால் இறகை உப்பிக்கொண்டு மூலையில் குந்தியிருக்கிற குருவியைப் பார்த்து, "நித்திரை கொள்ளுது" என்று விட்டுவிடாதீர்கள். நாம் காணும்போது அது பல மணிநேரம் தாங்கிக்கொண்டு இருந்திருக்கும்.

வைத்தியரிடமிருந்து வந்த பிறகுதான் வீட்டுக்காரரின் வேலை தொடங்குகிறது. அதில் எல்லாவற்றிலும் முக்கியமானது தடி, அதாவது கூட்டுக்குள் குருவி குந்துகிற தடி. சுகமாக இருக்கிற குருவி தடியில் குந்திக் காலை மடித்ததும், தசைநார் இழுபட்டு விரல்கள் தாமாகவே தடியைப் பற்றிக்கொள்ளும். நித்திரையிலும் அது விழாமல் இருப்பது அதனால்தான் என்பார்கள். கால் முறிந்த குருவிக்கு அந்தப் பிடி இல்லை. உயரத்தில் இருக்கிற தடிக்கு ஏறப் பார்த்து, விழுந்து, முறிந்த கால் மேலும் முறியும். ஆகையால் மேல் தடிகளைக் கழற்றிவிட வேண்டும். ஒரு தடி வேண்டுமானால் தரையோடு ஒட்டி, துணி சுற்றி வைக்கலாம். தரையில் கடதாசியோ துணியோ விரித்து, தினையும் தண்ணீரும் சொண்டுக்கு எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும். காற்றடிக்காத, கதகதப்பான, சத்தமில்லாத மூலை வேண்டும். பூனைக்கு அந்த அறையில் வேலை இல்லை. கால் பொருந்தச் சுண்ணாம்புச் சத்து வேண்டும்; அதற்குக் கடையில் விற்கிற கணவாய் ஓட்டைத்தான் நம் கரையில் அலை சும்மா கொண்டுவந்து போடுகிறதே, நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். நல்ல காலையும் கவனிக்க வேண்டும். பாரம் முழுவதும் அதிலே இறங்குவதால் உள்ளங்காலில் புண் வரும்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கூட்டில் எல்லாமே மாறிவிட்டது. மாறாதது குருவி ஒன்றுதான். நொண்டிக் குருவியைப் பார்த்து, "தடி மேலே இருக்கிறது, ஏறி வா" என்று யாரும் சொல்வதில்லை. கால் சரியாகும் வரைக்கும், சரியாகாவிட்டால் கடைசி வரைக்கும், அதன் வீட்டையே அதற்கேற்ப மாற்றிவிடுகிறோம்.

மனிதருக்கு இதைச் செய்கிறோமா?

சாமுவேலின் இரண்டாம் நூலில் மெபிபொசேத்து என்று ஒருவர் வருகிறார். யோனத்தானின் மகன். தகப்பனும் பாட்டன் சவுலும் போரில் இறந்த செய்தி வந்தபோது அவருக்கு ஐந்து வயது. தாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிய அவசரத்தில் பிள்ளை விழுந்து, இரண்டு கால்களும் முடமாயின. நான்காம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிற செய்தி இது. ஆனால் 1990இலும் 1991இலும் போருக்குத் தப்பி இந்த யாழ்ப்பாணத் தீவுகளை விட்டு ஓடியவர்களுக்கு அந்த ஒரு வசனம் போதும். எந்தப் பிள்ளையை எந்த இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினோம், கட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டோமா இல்லையா என்று இன்றும் சொல்லக்கூடியவர்கள் இந்த வாங்குகளில் இருக்கிறார்கள். அந்தத் தாதியை வேதாகமம் குற்றம் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டியதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு தாவீது அரசர், யோனத்தானின் வீட்டில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று தேடுகிறார். லோதபாரில் ஒருவர் வீட்டில் ஒதுங்கியிருந்த மெபிபொசேத்தை ஆள் அனுப்பி அழைப்பிக்கிறார். பாட்டனின் காணி முழுவதையும் திருப்பிக் கொடுக்கிறார். தம் மேசையில் என்றைக்கும் உணவருந்த இடம் கொடுக்கிறார். அந்த அதிகாரம் எப்படி முடிகிறது தெரியுமா? அவருக்கு இரண்டு கால்களும் முடம் என்று மறுபடி சொல்லி முடிகிறது. கால் சுகமாகவில்லை. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. நடந்து வர முடியாதவருக்கு ஆள் அனுப்பினார் அரசர், அவ்வளவுதான். எனக்கு இது முடவர் எழுந்து நடந்த கதைகளுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னோர் உதாரணம் ஜெய்ப்பூர் கால். அது நம் வீடுகளில் தெரிந்த பொருள். போரில் காலிழந்த எத்தனையோ பேர் யாழ்ப்பாணத்தில் அதைப் பொருத்திக்கொண்டு தொழிலுக்குப் போகிறார்கள். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற வைத்தியரும் சேர்ந்து உருவாக்கியது அது. அதற்கு முன்னும் செயற்கைக் கால் இருந்தது. ஆனால் அதைப் போட்டால் சப்பாத்தும் போட வேண்டும். நிலத்தில் குந்தவோ சம்மணம் கட்டவோ முடியாது. வயற்சேற்றில் இறங்க முடியாது. வெறுங்காலோடு கோயிலுக்குள் போக முடியாது. "எங்கள் காலுக்கு ஏற்றபடி நீ வாழக் கற்றுக்கொள்" என்றது பழைய கால். அந்த மனிதர் வாழ்கிற வாழ்க்கைக்கு ஏற்றபடி காலைச் செய்தார்கள் சர்மாவும் சேத்தியும்.

"மனுசருக்கே வழியைக் காணேல்லை, குருவிக்கு வைத்தியமோ?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இரண்டு பக்கத்தையும் சொல்கிறது. பிராணிகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு விரோதம் என்கிறது. மனிதரின் துயரைத் தீர்க்க முதலில் போக வேண்டிய பணத்தைப் பிராணிகளுக்குக் கொட்டுவதும் தகாது என்கிறது. வீட்டில் கிழவிக்கு மருந்து வாங்காமல் நாய்க்குக் கேக் வெட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கிய பிறகு இங்கேயும் சிலருக்கு அந்தப் பழக்கம் வந்திருக்கிறது. ஆனால் கால் முறிந்த குருவிக்குத் தேவைப்படுவது ஒரு சப்பாத்துப் பெட்டி, ஒரு பழந்துணி, ஒரு பிடி தினை, அதோடு மூன்று கிழமைப் பொறுமை. இதனால் எந்த ஏழையும் பட்டினி கிடக்கமாட்டான்.

பிரான்சிஸ் பறவைகளுக்குப் பிரசங்கம் செய்ததைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். 1979இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை அவரைச் சூழலியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1224இல் லா வேர்ணா மலையில் ஆண்டவரின் ஐந்து காயங்களையும் பெற்ற பிறகு அவரால் சரியாக நடக்க முடியவில்லை. கண்ணும் மங்கிவிட்டது. ஊர் ஊராகப் போதித்தவரைக் கழுதை சுமந்தது. பிராணிகளுக்கு இரக்கம் காட்டியவர், தம் கால் இயலாமற் போனபோது ஒரு பிராணியின் முதுகில்தான் பயணம் செய்தார். 1226 ஒக்டோபர் 3 மாலையில் இறந்தார்.

இந்த இரக்கம் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் தலவரலாறு உங்களுக்குத் தெரியும். பூவோடு கடலில் வந்த நாகத்தைக் கருடன் துரத்த, அது கல்லில் சுற்றிக்கொள்ள, வழியில் போன வணிகர் ஒருவர் கருடனிடம் அதற்காகப் பரிந்து பேசினார் என்று நம் அயலவர்கள் சொல்கிறார்கள். பாம்புக்காகப் பயணத்தை நிறுத்திய மனிதரின் கதை அது. நெடுந்தீவில் வறட்சி வரும்போது குதிரைகள் தண்ணீரின்றிச் சாகின்றன. அவற்றுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறவரிடம் நீ எந்தச் சமயம் என்று குதிரை கேட்பதில்லை.

பிள்ளைகளுக்கு இரண்டு சொல். வயலோரம் கூட்டமாக வருகிற சில்லைக் குருவிகளைப் பிடித்துக் கூட்டில் அடைக்காதீர்கள். அவை நம் நாட்டுப் பறவைகள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுப் பறவைகள் பலவற்றைக் காக்கிறது. கூட்டிலே பிறந்து வளர்ந்த பின்ச் குருவியைத் திறந்து பறக்கவிடுவதும் புண்ணியம் இல்லை. அதற்கு இங்கே இரை தேடத் தெரியாது. அன்றைக்கே காகத்துக்கு இரையாகும். நோவாகூட மூன்றாம் முறைதான் புறாவைப் போகவிட்டார். அதற்கு முன் நிலம் காயும்வரை ஒவ்வொரு முறையும் ஏழு நாள் பொறுத்திருந்தார்.

அந்தக் குருவி பிழைக்குமா என்று பிள்ளை கேட்டது. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றுதான் சொன்னேன். சிட்டுக்குருவி நிலத்தில் விழாது என்று இயேசு சொல்லவில்லை. தந்தைக்குத் தெரியாமல் விழாது என்றுதான் சொன்னார். பிள்ளைகளிடம் இதைவிட இனிப்பாக எதையாவது சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அவர்களுக்கு உண்மையைத் தாங்குகிற சக்தி உண்டு.

குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறுகிறபோது பாருங்கள். அலையில் வள்ளம் ஆடும். வயதானவர் கரையில் தயங்கி நிற்பார். உள்ளே இருக்கிற ஒருவர், யார் எவர் என்று கேட்காமல் கையை நீட்டுவார். தீவாருக்கு அது பழக்கம், யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் கோயில் முன்வாசலில் உயரமான படிகள் இருக்கின்றன. அவற்றை ஏற முடியாமல் பூசைக்கு வருவதையே விட்டவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகிறோம், அது நல்லது. ஆனாலும் தாவீது சாப்பாட்டை லோதபாருக்குக் கட்டி அனுப்பவில்லை. பக்கவாசலில் சக்கர நாற்காலி ஏறக்கூடிய ஒரு சரிவுப் பாதை கட்ட வேண்டும். கல்லும் மண்ணும் தரக்கூடியவர்கள், ஒரு நாள் வேலை செய்யக்கூடிய மேசன்மார், பங்குச் சபையிடம் பேர் கொடுங்கள். உங்கள் ஒழுங்கையில் வெளியே வர முடியாமல் இருப்பவர்கள் யார் என்று வின்சென்ட் டி போல் சபையினருக்குச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அவர்களை ஓட்டோவில் ஏற்றிவர யாரால் முடியும் என்றும் சொல்லுங்கள்.

இப்போது விசுவாச அறிக்கைக்கு எழுந்து நிற்போம். இயலாதவர்கள் இருந்தபடியே சொல்லலாம். பூசை முடிந்ததும் கூடுகளையும் பெட்டிகளையும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவாருங்கள். நாய் கொண்டுவந்தவர்கள் மதிற்பக்கமாக, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கோ.